ஒரே பை, இரண்டு ஊர்: அமெரிக்க யூதர்களின் சமூக நிதி பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பாஸ்டனில் இருக்கும் ஒரு யூதக் குடும்பம் வருடத்துக்கு ஒரு தடவை ஒரு காசோலை எழுதுகிறது. அதில் ஒரு பங்கு அதே ஊரில் தனியாக வாழும் ஒரு முதியவரின் மதியச் சாப்பாடாகிறது. இன்னொரு பங்கு உக்ரைனின் தினிப்ரோ நகரத்தில் ஒரு பாட்டியின் மருந்துச் சீட்டாகிறது. கொடுத்தவர்களுக்கு இந்த இரண்டு பேரையும் தெரியாது. இந்த ஏற்பாடு எப்படி வந்தது, எப்படி ஓடுகிறது, எங்கே இடிக்கிறது என்பதைத்தான் இங்கே பார்க்கப் போகிறோம். யூதர்கள் வாழும் எல்லா நாட்டிலும் ஏதோ ஒரு வடிவில் இது உண்டு. ஆனால் இதை ஒரு பெரிய இயந்திரமாகவே கட்டி எழுப்பியது அமெரிக்கா என்பதால் பேச்சு பெரும்பாலும் அங்கேதான்.

‘ஃபெடரேஷன்’ என்கிறார்களே, அது என்ன?

ஊருக்கு ஒன்று என்று இருக்கும் பொது நிதி அமைப்பு.

19ஆம் நூற்றாண்டின் கடைசியில் கிழக்கு ஐரோப்பாவிலிருந்து யூதர்கள் கப்பல் கப்பலாக அமெரிக்காவில் வந்து இறங்கினார்கள். அவர்களுக்கென்று ஆஸ்பத்திரி, அனாதை இல்லம், முதியோர் இல்லம், அடக்கச் சங்கம், வட்டியில்லாக் கடன் சங்கம் என்று ஏகப்பட்டவை முளைத்தன. ஒவ்வொன்றுக்கும் தனி வசூல், தனி விருந்து, தனி ரசீதுப் புத்தகம். நாலு காசு சேர்த்த ஜவுளி வியாபாரியின் வாசலில் வாரத்துக்கு ஒருவராவது வந்து நிற்பார். கொடுத்தவர்களும் அலுத்துப்போனார்கள், கேட்டவர்களும் அலுத்துப்போனார்கள். 1895இல் பாஸ்டனில் சில அமைப்புகள் கூடி, ‘இனி ஒரே வசூல், பிரிப்பதை ஒரு குழு பார்த்துக்கொள்ளட்டும்’ என்று முடிவு செய்தன. அடுத்த வருடம் சின்சினாட்டி. நியூயார்க் போன்ற பெரிய ஊருக்கு இது வந்து சேர 1917 ஆயிற்று.

இன்று அமெரிக்காவிலும் கனடாவிலும் 140க்கு மேற்பட்ட ஃபெடரேஷன்கள் இருக்கின்றன. இவற்றுக்கெல்லாம் மேலே குடை மாதிரி ஒரு தலைமை அமைப்பு, ஜூயிஷ் ஃபெடரேஷன்ஸ் ஆஃப் நார்த் அமெரிக்கா. குடை என்றுதான் சொன்னேன், தலைமைச் செயலகம் என்று சொல்லவில்லை. ஒவ்வொரு ஊரும் தன் பணத்தைத் தானே ஆளுகிறது.

அப்படியானால் இது ஜெப ஆலயத்தின் வசூலா?

இல்லை. யூதர்கள் கூடி வழிபடும் ஜெப ஆலயத்துக்கு வருடச் சந்தா தனி. ஓய்வுநாளில் பணத்தைத் தொடக்கூடாது என்பது மதச்சட்டம், அதனால் தேவாலயங்களில் தட்டு ஏந்தி வருவது போன்ற பழக்கமும் இல்லை. ஃபெடரேஷன் மதப்பிரிவுகளுக்கு அப்பாற்பட்டது. தீவிர ஆசாரக்காரரும், வருடத்துக்கு ஒருநாள் மட்டும் கோயில் பக்கம் போகிறவரும், போகவே போகாதவரும் ஒரே மேசையில் உட்கார்ந்து பேசும் இடம் அநேகமாக இது ஒன்றுதான்.

கொடுப்பது கடமையா, அவரவர் விருப்பமா?

எபிரேயத்தில் இதற்குச் சொல் ‘செதாக்கா’. இதைத் ‘தர்மம்’ என்றோ ‘கொடை’ என்றோ பெயர்த்தால் பாதிதான் வரும். அந்தச் சொல்லின் வேர் ‘நீதி’. ஏழைக்குக் கொடுப்பது அவனுக்குச் சேர வேண்டியதைச் சேர்ப்பது, அவ்வளவுதான். வயலை அறுக்கும்போது ஓரங்களை விட்டுவிடு, சிந்திய கதிரைப் பொறுக்காதே, அது ஏழைக்கும் அந்நியனுக்கும் உரியது என்று லேவியராகமம் சொல்கிறது. பைபிள் படித்தவர்களுக்கு ரூத் கதிர் பொறுக்கிய கதை நினைவிருக்கும். அவள் பொறுக்கியது இந்தச் சட்டத்தின்படி அவளுக்கு உரிய கதிர்.

வருமானத்தில் பத்தில் ஒரு பங்கு என்பது வழக்கமான அளவு. உச்சவரம்பும் வைத்திருக்கிறார்கள். ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் கொடுக்காதே, கொடுத்துக் கொடுத்து நீயே கையேந்தும் நிலைக்கு வந்துவிடாதே என்று. இன்னொன்றும் எனக்கு மிகவும் பிடிக்கும்: செதாக்கா வாங்கிப் பிழைக்கும் ஏழையும் தன் பங்குக்குச் செதாக்கா கொடுக்க வேண்டும் என்கிறது யூதச் சட்ட விவாதங்களின் தொகுப்பான தல்மூத். வாங்குகிற கை எப்போதும் வாங்குகிற கையாகவே இருந்துவிடக் கூடாது.

12ஆம் நூற்றாண்டில் எகிப்தில் வாழ்ந்த மருத்துவரும் சட்ட அறிஞருமான மைமோனிடிஸ், கொடுப்பதில் எட்டுப் படிகளை வகுத்தார். கீழ்ப்படியில் இருப்பவர் முகம் சுளித்துக்கொண்டு கொடுப்பவர். மேலிருந்து இரண்டாவது படியில், கொடுத்தவருக்கு வாங்கியவரைத் தெரியாது, வாங்கியவருக்குக் கொடுத்தவரைத் தெரியாது. உச்சிப்படி எது தெரியுமா? கடன் கொடுப்பது, கூட்டாளியாகச் சேர்த்துக்கொள்வது, வேலை தேடித் தருவது. அதாவது மறுபடி யாரிடமும் கேட்க வேண்டாத நிலைக்கு ஒருவரைக் கொண்டுவருவது. நியூயார்க்கில் 1892இல் தொடங்கிய எபிரேய வட்டியில்லாக் கடன் சங்கம் இன்றும் ஒரு பைசா வட்டி வாங்காமல் கடன் கொடுக்கிறது. தள்ளுவண்டி வாங்கவும் தையல் மிஷின் வாங்கவும் கொடுத்த காலத்தில் அதன் வாடிக்கையாளர்கள் யாரும் மைமோனிடிஸைப் படித்திருக்க வேண்டிய அவசியம் இருக்கவில்லை.

உள்ளூர் ஏழை முதலா, வெளியூர் ஏழை முதலா?

எல்லாச் சண்டைக்கும் மூலம் இந்தக் கேள்விதான், அதனால் கொஞ்சம் நின்று பார்ப்போம்.

தல்மூத்தில் நேரடியாகவே பதில் இருக்கிறது. உன் ஊர் ஏழையும் அடுத்த ஊர் ஏழையும் வந்து நின்றால் உன் ஊர் ஏழை முதலில். சரி, முடிந்ததா? முடியவில்லை. அதே தல்மூத், சிறைபிடிக்கப்பட்டவரை மீட்பதைப் போலப் பெரிய கடமை வேறில்லை என்றும் சொல்கிறது. சிறைபிடிக்கப்பட்டவர் எங்கோ தூர தேசத்தில்தானே இருப்பார்? இடைக்கால யூதச் சமூகங்கள் மத்தியதரைக் கடல் முழுக்க ஒருவருக்கொருவர் பணம் அனுப்பிக் கைதிகளை மீட்டது இந்த விதியை வைத்துத்தான். எருசலேமிலும் சஃபேதிலும் வாழ்ந்த அறிஞர்களுக்காக ஊர் ஊராகப் போய் வசூலித்த தூதர்களும் நூற்றாண்டுக் கணக்கில் அலைந்திருக்கிறார்கள்.

பழைய ஊர்களில் இரண்டு ஏற்பாடுகள் இருந்தன. ஒன்றின் பெயர் ‘குப்பா’. கூடை என்று அர்த்தம். அது வாரத்துக்கு ஒருமுறை, வெள்ளிக்கிழமை, உள்ளூர் ஏழைகளுக்கான பணம். மற்றது ‘தம்ஹூய்’, தாம்பாளம். தினமும் வீடுவீடாகச் சாப்பாடு சேர்த்து, எந்த ஊர்க்காரனாக இருந்தாலும் பசித்து வந்தவனுக்குப் போடுவது. கூடை உன் ஊருக்கு, தாம்பாளம் உலகத்துக்கு. குப்பாவை வசூலிக்க இரண்டு பேர், பிரிக்க மூன்று பேர் என்றும் விதி இருந்தது. வசூல் என்பது ஊர்மேல் அதிகாரம் செலுத்துவது, அதை ஒருவர் தனியாகச் செய்யக் கூடாது. பிரிப்பது பணத் தீர்ப்பு, அதற்கு நீதிமன்றம் போல மூவர். நம்மூரில் மகமைப் பணத்துக்குக் கணக்கு வைத்தவர்கள் இதைக் கேட்டால் தலையாட்டுவார்கள்.

ஃபெடரேஷன் செய்த வேலை, இந்தக் கூடையையும் தாம்பாளத்தையும் ஒரே பையில் போட்டதுதான். ‘உள்ளூரா வெளியூரா என்று நீ தேர்ந்தெடுக்க வேண்டாம். பையில் போடு, நாங்கள் பார்த்துக்கொள்கிறோம்.’ கொடுப்பவரின் மண்டையிலிருந்து அந்தக் கேள்வியை எடுத்துக் குழுவின் மேசைமேல் வைத்துவிட்டார்கள். கேள்வி ஒழியவில்லை, இடம்தான் மாறியது.

அமெரிக்க யூதர்கள் வெளிநாட்டுக்கு அனுப்பத் தொடங்கியது எப்போது?

பெரிய அளவில் என்றால் 1914.

அந்த வருடம் ஆகஸ்ட் மாதக் கடைசியில், உஸ்மானியப் பேரரசுக்கான அமெரிக்கத் தூதர் ஹென்றி மார்கெந்தாவ், கான்ஸ்டான்டினோபிளிலிருந்து நியூயார்க் வங்கியாளர் ஜேக்கப் ஷிஃபுக்கு ஒரு தந்தி அடித்தார். போர் தொடங்கிவிட்டது, பாலஸ்தீனத்தில் இருக்கும் யூதர்களுக்கு ஐரோப்பாவிலிருந்து வந்துகொண்டிருந்த பணம் நின்றுவிட்டது, உடனே 50,000 டாலர் வேண்டும் என்று. பணம் போனது. ஆனால் அதற்குள் போலந்திலும் ரஷ்யாவிலும் போர்முனை யூதர்களின் ஊர்களுக்கு நடுவே ஓடத் தொடங்கியிருந்தது. ஆசாரக்காரர்கள் ஒரு குழு அமைத்து வசூலித்தார்கள். ஜெர்மன் வம்சாவளிப் பணக்காரர்கள் இன்னொரு குழு. அடுத்த வருடம் தொழிலாளர் தரப்பு மூன்றாவது. ஒருவருக்கு ஒருவர் ஆகாது. வசூல் தனித்தனி, விநியோகம் மட்டும் கூட்டாக என்று சமரசம் ஆயிற்று. ‘ஜாயின்ட் டிஸ்ட்ரிபியூஷன் கமிட்டி’ என்ற வறட்டுப் பெயர் வந்த கதை இதுதான். கிழக்கு ஐரோப்பாவில் மக்கள் அதை வெறும் ‘ஜாயின்ட்’ ஆக்கிவிட்டார்கள். இன்றும் அந்தப் பெயரே.

1938 நவம்பரில் ஜெர்மனியில் ஜெப ஆலயங்கள் எரிந்தன. இரண்டு மாதத்துக்குள், 1939 ஜனவரியில், ஜாயின்ட்டும் பாலஸ்தீனக் குடியேற்றத்துக்கு வசூலித்தவர்களும் அமெரிக்கா வந்த அகதிகளுக்கு வசூலித்தவர்களும் ‘யுனைடெட் ஜூயிஷ் அப்பீல்’ என்று ஒன்றானார்கள். இவர்களுக்குள்ளும் ஒத்துப்போகாதுதான். பாலஸ்தீனமே தீர்வு என்றவர்களும், இருக்கிற இடத்திலேயே உதவ வேண்டும் என்றவர்களும் ஒரே உண்டியலுக்குச் சம்மதித்தார்கள் என்றால் நிலைமை எவ்வளவு மோசம் என்று புரிந்துகொள்ளலாம்.

அந்தப் பணத்தால் உயிர்கள் காப்பாற்றப்பட்டனவா?

சில இடத்தில் ஆம், சில இடத்தில் பாதி. ‘செயின்ட் லூயிஸ்’ கப்பலை எடுத்துக்கொள்ளுங்கள். 1939 மே மாதம் 937 பயணிகளுடன் ஹாம்பர்க்கிலிருந்து கிளம்பியது. ஏறக்குறைய எல்லோரும் யூத அகதிகள். கியூபா இறங்கவிடவில்லை. அமெரிக்காவும் கதவைத் திறக்கவில்லை. ஹவானாவில் ஜாயின்ட்டின் பேரம் படியவில்லை. கப்பல் திரும்பி ஐரோப்பாவை நோக்கிப் போய்க்கொண்டிருக்கும்போது, அகதிகள் அரசுக்குப் பாரமாக மாட்டார்கள் என்று ஜாயின்ட் சுமார் 5 லட்சம் டாலருக்குப் பொறுப்பேற்றது. பிரிட்டன், பிரான்ஸ், பெல்ஜியம், நெதர்லாந்து நான்கும் பிரித்து எடுத்துக்கொண்டன. மறுவருடம் அந்த நான்கில் மூன்று நாடுகள் ஹிட்லர் கைக்குப் போயின. கப்பலில் இருந்தவர்களில் 254 பேர் இனப்படுகொலையில் மாண்டார்கள். விசா கொடுக்காத இடத்தில் பணம் எவ்வளவு தூரம் போகும் என்பதற்கு இந்தக் கப்பலே அளவு.

மாறாக 1991 மே மாதம் எத்தியோப்பியா. அடிஸ் அபாபாவைக் கிளர்ச்சிப்படைகள் நெருங்கிக்கொண்டிருந்தன. அரசுக்கு 3.5 கோடி டாலர் கொடுத்தால் யூதர்களைப் போகவிடுவார்கள் என்று பேச்சு முடிந்தது. அமெரிக்க யூதச் சமூகம் அந்தத் தொகையைத் திரட்டியது. சுமார் 36 மணி நேரத்தில் 14,000க்கு மேற்பட்டவர்கள் விமானத்தில் இஸ்ரேல் போய்ச் சேர்ந்தார்கள். இருக்கைகளைக் கழற்றிவிட்டு ஒரே ஜம்போ விமானத்தில் ஆயிரம் பேருக்கு மேல் ஏற்றினார்கள். கைதியை மீட்கும் பழைய விதி அப்படியே நடந்தது, விமானம் மட்டும் புதிது.

ஒருவர் 100 டாலர் கொடுத்தால் அது எந்த வழியாகப் போகிறது?

வருடாந்திர வசூல் என்று ஒன்று நடக்கும். ஃபோன் வரும், தெரிந்தவர் நேரில் வருவார், விருந்து வைப்பார்கள். கொடுப்பவர் முதலில் இவ்வளவு தருகிறேன் என்று வாக்கு எழுதித் தருவார், பணம் வருடத்துக்குள் தவணையாக வரலாம். எதற்கு என்று குறிப்பிடாமல் கொடுப்பதுதான் இங்கே அடிப்படை. அந்தப் பணத்தை ஒதுக்கீட்டுக் குழுக்கள் பிரிக்கும். அதில் சம்பளத்துக்கு வேலை செய்யும் அலுவலர்களும் இருப்பார்கள், ஊர்ப் பெரியவர்களான தன்னார்வலர்களும் இருப்பார்கள். முதியோர் இல்லத்துக்காரர் வந்து தன் கணக்கை விரிப்பார், பள்ளிக்கூடத்துக்காரர் தன் பற்றாக்குறையைச் சொல்வார். பல மாலைகள் போகும்.

வெளிநாட்டுக்கு என்று ஒதுக்கிய பங்கு பெரும்பாலும் மூன்று கைகளுக்குப் போகிறது. இஸ்ரேலுக்குக் குடிபெயர்வோரைக் கவனிக்கும் யூத ஏஜென்சி, 1929இல் பிறந்தது. இரண்டாவது ஜாயின்ட். மூன்றாவது 1880இல் ரஷ்யாவில் தொழில் பழக்க ஆரம்பித்த ஓஆர்டி. உள்ளூருக்கு எவ்வளவு, வெளியூருக்கு எவ்வளவு என்ற விகிதத்தை ஒவ்வொரு ஊரும் தானே வைத்துக்கொள்கிறது. ஒரு காலத்தில் பல ஊர்களில் பாதியும் அதற்கு மேலும் வெளியே போனது. இப்போது தராசு உள்ளூர்ப் பக்கம் நன்றாகவே சாய்ந்துவிட்டது.

உள்ளூரில் அப்படி என்னதான் செலவு?

யூதர்கள் எல்லோரும் பணக்காரர்கள் என்ற கற்பனையை ஓரமாக வைத்துவிட்டுக் கேளுங்கள். நியூயார்க்கில் வறுமையில் வாழும் யூதக் குடும்பங்கள் ஏராளம்: பென்ஷனை நம்பி இருக்கும் முதியவர்கள், சோவியத் நாடுகளிலிருந்து வந்தவர்கள், நிறையப் பிள்ளைகள் உள்ள ஆசாரக் குடும்பங்கள்.

வீட்டுக்குச் சாப்பாடு கொண்டுபோவது, மனநல ஆலோசனை, கோஷர் என்னும் யூத உணவு விதிப்படி உணவு தரும் மளிகைக் கிடங்கு, ஊனமுற்றோருக்கான இல்லம், சமூக மையம், மாணவர் மன்றம், யூதப் பள்ளிகளில் கட்டணச் சலுகை, ஆதரவில்லாமல் இறந்தவரின் அடக்கம். பஸ்கா பண்டிகைக்கு முன்னால் ‘கோதுமைப் பணம்’ என்று ஒன்று தனியாக வசூலாகும். பண்டிகை நாளில் எந்த வீட்டிலும் புளிக்காத அப்பமும் திராட்சை ரசமும் இல்லாமல் இருக்கக் கூடாது என்பதற்காக.

ஆஸ்பத்திரிகளின் கதை தனி. நியூயார்க்கின் புகழ்பெற்ற மவுன்ட் சைனாய் 1852இல் ‘யூதர் ஆஸ்பத்திரி’ என்ற பெயரில் தொடங்கியது. மற்ற ஆஸ்பத்திரிகளில் யூத நோயாளிக்கு ஏற்ற சாப்பாடு கிடையாது, சாகும் தறுவாயில் மதம் மாற்றப் பார்ப்பார்கள் என்ற பயம் வேறு. பின்னால் யூத டாக்டர்களை மற்ற இடங்களில் வேலைக்கு எடுக்கத் தயங்கியபோது இவைதான் அவர்களுக்குப் புகலிடம். இன்று அந்தக் காரணங்கள் போய்விட்டன, ஆஸ்பத்திரிகள் எல்லோருக்கும் பொதுவாகிவிட்டன.

2018 அக்டோபர் 27க்குப் பிறகு உள்ளூர்ச் செலவில் காவலாளிக்கும் கேமராவுக்கும் முன்னைவிடப் பெரிய இடம் கிடைத்தது. அன்று பிட்ஸ்பர்கில் ஜெப ஆலயத்தில் 11 பேர் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். அந்த ஊர் ஃபெடரேஷன் நிதி திரட்டிய அதே நாட்களில் அமெரிக்க முஸ்லிம்கள் தனியாக 2 லட்சம் டாலருக்கு மேல் திரட்டிக் கொடுத்தார்கள்.

யூதர்களுக்கு மட்டும்தானா?

பணத்தின் பெரும்பகுதி, ஆம். முழுக்க அப்படி அல்ல.

சீயர்ஸ் என்ற சில்லறை விற்பனை நிறுவனத்தை வளர்த்த ஜூலியஸ் ரோசன்வால்ட் சிகாகோ யூத நிதியின் தூண். 1917இல் போர் நிவாரணத்துக்கு ஜாயின்ட் வசூலில் 10 லட்சம் டாலர் தருவதாக அறிவித்தவர். அதே மனிதர் கறுப்பினக் கல்வியாளர் புக்கர் டி. வாஷிங்டனோடு சேர்ந்து, அமெரிக்கத் தெற்கில் கறுப்பினக் குழந்தைகளுக்குச் சுமார் 5,000 பள்ளிக்கூடங்கள் எழும்பக் காரணமானார். அவர் ஒரு பங்கு கொடுப்பார், மீதியை ஊர்க்காரர்களும் அரசும் போட வேண்டும். பணம் இல்லாத ஊர் மக்கள் மரமும் உழைப்பும் கொடுத்தார்கள். தன் அறக்கட்டளை தான் இறந்த 25 வருடத்துக்குள் எல்லாப் பணத்தையும் செலவழித்து மூடிவிட வேண்டும் என்று சொல்லிவிட்டுப் போனார். 1948இல் மூடியேவிட்டது. நிரந்தர நிதி என்றாலே பெருமைப்படும் உலகத்தில் இதுமாதிரி ஆள் அபூர்வம்.

யூத அகதிகளுக்கென்று 19ஆம் நூற்றாண்டில் தொடங்கிய ஹயாஸ், இப்போது உதவுகிறவர்களில் பெரும்பாலோர் யூதர் அல்லாத அகதிகள். பிட்ஸ்பர்க் கொலையாளி தன் ஆத்திரத்துக்குப் பெயர் சொன்னது இந்த அமைப்பைத்தான். 2004 சுனாமியின்போது ஜாயின்ட்டும், 1985இல் தொடங்கிய அமெரிக்கன் ஜூயிஷ் வேர்ல்ட் சர்வீஸும் இந்தியாவிலும் இலங்கையிலும் நிவாரணப் பணிகளுக்குப் பணம் கொடுத்தன. அங்கே யூதர்கள் யாரும் பாதிக்கப்பட்டிருக்க வேண்டும் என்று அவர்கள் எதிர்பார்க்கவில்லை.

இந்தியாவில் இருக்கும் யூதர்களுக்கு?

மும்பையில் 1960களிலிருந்து ஜாயின்ட் வேலை செய்கிறது. பெனே இஸ்ரேல் சமூகத்தின் ஏழை முதியவர்களுக்கு உதவி, இளைஞர்களுக்கு முகாம் என்று. கொச்சி யூதர்களில் பெரும்பாலோர் 1950களில் இஸ்ரேலுக்குக் கிளம்பிவிட்டார்கள். பயணத்தையும் குடியேற்றத்தையும் பார்த்துக்கொண்டது யூத ஏஜென்சி. நெகேவ் பாலைவனத்தில் நெவாடிம் என்ற ஊரில் அவர்கள் கொச்சிப் பாணியில் ஜெப ஆலயம் கட்டி வைத்திருக்கிறார்கள்.

ஏன் 18 டாலர், 36 டாலர், 180 டாலர் என்று கொடுக்கிறார்கள்?

எபிரேய எழுத்துகளுக்கு எண் மதிப்பு உண்டு. ‘ஹை’, அதாவது உயிர் என்ற சொல்லின் எழுத்துகளைக் கூட்டினால் 18. அதனால் 18இன் மடங்கு. நாம் மொய் 101, 501 என்று வைப்பதில்லையா, அதுபோலத்தான்.

சபையில் பெயரைக் கூப்பிட்டுத் தொகையைக் கேட்பார்களாமே?

இப்போது அநேகமாக இல்லை. 20ஆம் நூற்றாண்டின் நடுவில் கேட்டார்கள். விருந்து முடிந்ததும் தலைவர் ஒவ்வொரு அட்டையாக எடுத்து, பெயரையும் போன வருடத் தொகையையும் வாசிப்பார். அவர் எழுந்து இந்த வருடம் எவ்வளவு என்று சொல்ல வேண்டும். குறைத்துச் சொல்ல யாருக்குத் துணிச்சல் வரும்? மைமோனிடிஸின் இரண்டாவது படிக்கு நேர் எதிரான காரியம். ஆனால் உண்டியல் நிறைந்தது. பெண்களுக்கென்று 1972இல் மயாமியில் தொடங்கிய ‘யூதாவின் சிங்கம்’ என்ற திட்டமும் ஒருவகையில் இதன் நாகரிக வடிவம்தான். வருடத்துக்கு 5,000 டாலர் தன் பெயரில் தருகிற பெண், சிங்க வடிவ பின் ஒன்றைக் குத்திக்கொள்ளலாம். கணவர் பெயரில் போன காசோலைகள் இதற்குப் பிறகுதான் மனைவி பெயரில் தனியாக வரத் தொடங்கின என்பதையும் சொல்ல வேண்டும்.

போர் வந்தால் என்ன ஆகும்?

உண்டியல் பொங்கி வழியும். 1948 ஜனவரியில், பின்னாளில் இஸ்ரேல் பிரதமரான கோல்டா மேயர் சிகாகோவில் ஃபெடரேஷன் தலைவர்கள் முன் பேசினார். 2.5 கோடி டாலர் எதிர்பார்த்து வந்தவர், ஊர் ஊராகப் போய் 5 கோடியோடு திரும்பினார். 1967இலும் 1973இலும் இஸ்ரேல் போரில் இறங்கியபோது மக்கள் கடன் வாங்கிக்கூடக் கொடுத்தார்கள். 1990இல் சோவியத் யூதர்கள் கூட்டம் கூட்டமாகக் கிளம்பியபோது தொடங்கிய ‘ஆபரேஷன் எக்ஸோடஸ்’ வசூல் சில வருடங்களில் 90 கோடி டாலர் அளவுக்குப் போனது. 2023 அக்டோபர் 7 அன்று இஸ்ரேல்மீது ஹமாஸ் நடத்திய தாக்குதலுக்குப் பிறகு ஃபெடரேஷன்கள் திரட்டியது 80 கோடி டாலருக்கும் மேல்.

அவசரம் முடிந்ததும் அடுத்த வருட வசூல் பழைய நிலைக்கு இறங்கும். முதியோர் இல்லத்துக்குப் போர் முழக்கம் கிடையாது. அதை நடத்துகிறவர்களின் நிரந்தர வருத்தம் இது.

இந்தப் பணம் இஸ்ரேல் அரசுக்கோ ராணுவத்துக்கோ போகிறதா?

நேரடியாக அரசு கஜானாவுக்கு இல்லை. நேராக ஒரு வெளிநாட்டு அமைப்புக்குக் கொடுத்தால் அமெரிக்காவில் வரிவிலக்கு கிடையாது. பணம் ஓர் அமெரிக்க அறநிறுவனத்தின் கையில் வந்து, அதன் கட்டுப்பாட்டில், அறச்செயலுக்குச் செலவாக வேண்டும். இஸ்ரேலில் உள்ள பல்கலைக்கழகங்கள், ஆஸ்பத்திரிகள் பலவற்றுக்கும் ‘அமெரிக்க நண்பர்கள்’ என்று ஒரு சங்கம் இருப்பது இதனால்தான். 1951இல் தொடங்கிய இஸ்ரேல் பத்திரங்கள் வேறு விஷயம். அது அரசுக்குக் கொடுக்கும் கடன், வட்டியோடு திரும்பும்.

ஆனால் இந்தப் பதிலோடு நிறுத்தினால் அது மழுப்பல். நல்வாழ்வுச் செலவை வெளியார் ஏற்றால் அரசுக்கு அந்த அளவு கை மிச்சம்தானே என்று கேட்பவர்கள் இருக்கிறார்கள், அதில் நியாயம் உண்டு. 1967 எல்லைக்கு அப்பால், அதாவது அந்த வருடப் போரில் இஸ்ரேல் பிடித்த பகுதிகளில், செலவழிப்பதில்லை என்ற கொள்கை நீண்ட காலம் இருந்தது. இப்போது அது ஊருக்கு ஊர் வேறுபடுகிறது. அந்த எல்லையைப் பற்றி அமெரிக்க யூதர்களுக்குள்ளேயே கடுமையான பிளவு, அதுவும் வயது குறையக் குறைய அதிகம். எதற்கு என்று கேட்காமல் பையில் போடு என்பதைக் கேட்டுக்கொள்ள முன்பு இருந்த மனம் இப்போது பலருக்கு இல்லை.

மோசடி நடந்ததே இல்லையா?

பொய் முதலீட்டுக் கணக்குக் காட்டி ஆயிரக்கணக்கானோரை ஏமாற்றிய நியூயார்க் நிதி நிர்வாகி பெர்னி மேடாஃப் 2008 டிசம்பரில் கைதானபோது பல யூத அறக்கட்டளைகளின் பணம் ஆவியாகிப்போனது. சில அதோடு மூடியேவிட்டன. நாஜி முகாமிலிருந்து தப்பிய எழுத்தாளர் எலீ வீசலின் அறக்கட்டளை இழந்தது 1.5 கோடி டாலருக்கு மேல். பெண்கள் அமைப்பான ஹதாசா தன் கணக்கில் 9 கோடி டாலர் இருப்பதாக நம்பியிருந்தது. அது காகிதத்தில் மட்டும் இருந்த பணம். விசாரித்துப் பார்த்தால், போட்டதைவிட அதிகமாகவே ஹதாசா ஏற்கெனவே எடுத்திருந்தது. ஏமாந்த மற்றவர்களுக்கு ஈடுகட்ட அது 4.5 கோடி டாலர் திருப்பிக் கொடுக்க வேண்டி வந்தது. நம்ம ஆள் என்ற ஒரே காரணத்துக்காகக் கணக்குக் கேட்காமல் விட்டதன் விலை. வசூலிக்க இரண்டு பேர், பிரிக்க மூன்று பேர் என்று எழுதி வைத்த சமூகம்தான் இதையும் பார்த்தது.

இன்று என்ன மாறிவிட்டது?

கொடுப்பவர்கள் எண்ணிக்கை குறைகிறது, ஒவ்வொருவரும் கொடுக்கும் தொகை கூடுகிறது. சில பெரிய கைகள் பையைத் தாங்குகின்றன. பெரிய கைக்குப் பெரிய குரலும் வரும். ‘என் பணம் எதற்குப் போகிறது என்று நானே சொல்கிறேன்’ என்பவர்களுக்காக ஃபெடரேஷன்களே தனிக் கணக்குகளை நடத்துகின்றன. அதில் பணத்தைப் போட்டு வரிவிலக்கைப் பெற்றுக்கொண்டு, பிறகு நிதானமாக யாருக்கு என்று கொடுத்தவர் ஆலோசனை சொல்லலாம். இப்போது பல ஊர்களில் வருடாந்திர வசூலைவிட இந்தக் கணக்குகளில் ஓடும் பணம் பெரிது. இளைஞர்களை இஸ்ரேலுக்குப் பத்து நாள் இலவசமாக அழைத்துப்போகும் பர்த்ரைட் திட்டமும் 1999இல் இரண்டு செல்வந்தர்களின் யோசனையாகத்தான் கிளம்பியது. இஸ்ரேல் அரசும் ஃபெடரேஷன்களும் பின்னால் வந்து சேர்ந்தன. இதுவரை 8 லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் போய்வந்திருக்கிறார்கள்.

இஸ்ரேலும் பழைய இஸ்ரேல் இல்லை. கூடாரத்தில் அகதிகளை வைத்திருந்த நாடு இப்போது மென்பொருள் விற்கிறது. ‘எங்களைவிட வசதியான ஊருக்கு நாங்கள் ஏன் அனுப்ப வேண்டும்?’ என்று கிளீவ்லேண்டில் ஒருவர் கேட்டால் பதில் சொல்வது கஷ்டம். அதனால் மொத்தமாக அனுப்புவதை விட்டு, ஊரோடு ஊரைக் கோத்துவிடும் வழிக்கு வந்திருக்கிறார்கள். பாஸ்டனுக்கு ஹைஃபா என்று ஜோடி. பணத்தோடு ஆட்களும் போய்வருகிறார்கள். என்னைக் கேட்டால் இது நல்ல மாற்றம், ஆனால் இதில் ஒரு விலையும் உண்டு. ஜோடி கிடைக்காத ஊரை யார் பார்ப்பார்கள் என்ற கேள்விக்குப் பொதுப் பைதான் பதிலாக இருந்தது.

புதிதாக ஒரு ஊருக்குக் குடிவந்தவர் எப்போதிலிருந்து கொடுக்க வேண்டும்?

இதற்கும் தல்மூத்தில் அட்டவணை இருக்கிறது. முப்பது நாள் தங்கினால் சாப்பாட்டுத் தாம்பாளத்துக்கு. மூன்று மாதம் ஆனால் கூடைக்கு. ஆறு மாதத்தில் உடை நிதிக்கு, ஒன்பது மாதத்தில் அடக்க நிதிக்கு. பன்னிரண்டு மாதம் முடிந்தால் ஊர் மதில் கட்டும் செலவிலும் அவருக்குப் பங்கு உண்டு.